கொட்டை எடுத்த மாம்பழம்

போன ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பதினொன்றாம் வகுப்பு. அட்டவணைப்படி அது நூலகப் பீரியட். மேசை மேல் ஒரு பெங்களூரா மாம்பழம், பள்ளிக்கு எதிரே டீக்கடையில் வாங்கிய உளுந்து வடை, கொஞ்சம் சணல் நூல். இவற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் புவான்காரே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் ஊகத்தைச் சொல்லிப் பார்த்தேன். பரீட்சைக்கு வராது. ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக என்னை விட்டுப் போகாத விஷயம் அது.

மாம்பழத்தைச் சுற்றி நூலை வளையமாகப் போட்டேன். மெதுவாகத் தள்ளியதும் மூக்குப் பக்கம் நழுவி, சின்னதாகி, கையோடு வந்துவிட்டது. எப்படிச் சுற்றினாலும் இப்படித்தான் வரும். வடையின் ஓட்டை வழியாக நூலை விட்டு முடிச்சுப் போட்டேன். இப்போது வடையைப் பிய்க்காமல் நூலை எடுக்க வழியில்லை. ஒரு பொருளின் மேற்பரப்பு பந்து வகையா, வடை வகையா என்பதை நூலே சொல்லிவிடுகிறது. அமுக்கலாம், இழுக்கலாம், நெளிக்கலாம். கிழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. இப்படிப் பார்க்கும் கணிதத்துக்கு டோபாலஜி என்று பெயர். தமிழில் இடவியல் என்று எழுதுகிறார்கள். பெங்களூராவின் கிளிமூக்கை அது கண்டுகொள்ளாது. அதற்குப் பந்தும் மாம்பழமும் ஒன்றுதான்.

மேற்பரப்புகளைப் பற்றிய இந்தச் சங்கதி 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஒரு படி மேலே போய், நாம் நின்று நடக்கும் இந்த வெளியைப் போன்ற முப்பரிமாண வெளிகளுக்கும் இது பொருந்துமா என்பதுதான் கேள்வி. கரும்பலகையில் இப்படி எழுதினேன்: “எந்த வெளியில் போடும் நூல் வளையமெல்லாம் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடுகிறதோ, அந்த வெளி உருண்டைதான்.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டில் மாந்தோப்புக் குத்தகை எடுப்பவர்கள்.

“டீச்சர், நூலைத் தோலுக்கு மேல சுத்தாம உள்ள சதைக்குள்ள விட்டா? கொட்டையைச் சுத்தி மாட்டிக்காதா?”

“மாட்டாது. தோல் மேல நழுவுன மாதிரியே கொட்டை மேலயும் நழுவி வந்துடும்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “சரி டீச்சர். அப்போ கொட்டையை எடுத்துட்டா, மீதி சதையில எங்க நூல் விட்டாலும் சுருங்கிடும். ஆனா நடுவுல குழி இருக்கே. அது எப்படி உருண்டையாகும்?”

“அது வேற விஷயம், உட்காரு” என்றேன். மணி அடித்தது.

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் தோப்புகள், மண்டிக்குப் போகும் லாரிகள். அணை நிறுத்தம் வருவதற்குள் எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கிவிட்டது. அவன் சொன்னது வேறு விஷயம் கிடையாது. நான் பலகையில் எழுதிய வாக்கியத்துக்கு அது நேரான எதிர்க்காட்டு. நான் எழுதியது தவறு. சில சொற்களை விட்டிருந்தேன்.

அந்தச் சொற்களுக்குப் பிறகு வருகிறேன். அன்றிரவு என் மனதுக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றுதான். இதே கேள்வியில் இதே மாதிரி ஒரு தவறைச் செய்தவர் புவான்காரே.

ஆன்றி புவான்காரே 1895இல் டோபாலஜிக்கு அடித்தளமிட்ட நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அடுத்து 1904 வரை அதற்கு ஐந்து பின்னிணைப்புகள் எழுதினார். 1900இல் வந்த இரண்டாவது பின்னிணைப்பில், ஹோமாலஜி என்ற துளைக்கணக்கு ஒரு வெளிக்கும் உருண்டைக்கும் ஒன்றாக இருந்தால் அந்த வெளி உருண்டைதான் என்று எழுதிவிட்டார். நான்கு வருடம் கழித்து, ஐந்தாவது பின்னிணைப்பில், அதைப் பொய்யாக்கும் ஒரு வெளியை அவரே கட்டிக் காட்டினார். பின்னாளில் அதை எளிமையாகச் சொல்ல வழி கிடைத்தது. 12 ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மத்தை எடுத்து, எதிரெதிர் முகங்களைப் பத்தில் ஒரு சுற்று திருப்பி ஒட்ட வேண்டும். துளைக்கணக்கு அதை உருண்டை என்கிறது. நூல் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்கிறது. துளைக்கணக்கு போதாது, நூல்தான் வேண்டும் என்று தெரிந்தபின் கேள்வியைத் திருத்திக் கேட்டார்: எல்லா நூலும் சுருங்கும், ஆனாலும் உருண்டை இல்லை என்று ஒரு வெளி இருக்க முடியுமா? கேட்டுவிட்டு, இந்தக் கேள்வி நம்மை வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடும் என்று எழுதிக் கட்டுரையை முடித்தார். 1912இல் இறந்துபோனார்.

அவர் சொன்ன முப்பரிமாண உருண்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. நான் பிள்ளைகளுக்கு ஒகேனக்கல் பரிசலை வைத்துச் சொல்வேன். ஒரு பரிசல் மேல் இன்னொரு பரிசலைக் கவிழ்த்து, வாயோடு வாய் வைத்து விளிம்பைச் சுற்றிலும் தைத்துவிட்டால் கூடான ஒரு பந்து கிடைக்கும். பரிசல் ஒவ்வொன்றும் வட்டத் தட்டு. அதன் விளிம்பு ஒரு வட்டம். இதையே ஒரு பரிமாணம் ஏற்றிச் செய்ய வேண்டும். கொட்டையே இல்லாத இரண்டு மாம்பழம். ஒன்றின் தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் மற்றதன் தோலில் அதற்கு நேரான புள்ளியோடு ஒட்ட வேண்டும். முதல் பழத்துக்குள் துளைத்துக்கொண்டு போகும் வண்டு தோலைத் தொட்டதும் இரண்டாவது பழத்துக்குள் இருக்கும். எங்கேயும் சுவரில் முட்டாது. அதுதான் அந்த உருண்டை.

புவான்காரே அந்தக் கேள்வியைக் கேட்ட அதே 1904இல், நவம்பர் 11ஆம் தேதி, சென்னையில் ஒரு குழந்தை பிறந்தது. மதராஸ் பிஷப்பாக இருந்தவரின் மகன். ஜே. எச். சி. ஒயிட்ஹெட். நம்மூரில் பிறந்தவர் என்று இவரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உரிமையாகவே இருக்கும். இங்கிலாந்தில் வளர்ந்து பெரிய டோபாலஜி அறிஞரானார். 1934இல் புவான்காரே ஊகத்தை நிரூபித்துவிட்டதாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு தன் நிரூபணம் தவறு என்று அவரே காட்டினார். அவர் கட்டிய எதிர்க்காட்டு மிக அழகானது. சைக்கிள் டியூப் மாதிரி ஒன்று, அதற்குள் தன்னோடு தானே கொக்கி போட்டுக்கொண்ட இன்னொரு டியூப், அதற்குள் மறுபடி அதே மாதிரி இன்னொன்று, முடிவில்லாமல். இந்த அடுக்கிலிருந்து பிறக்கும் வெளியில் எல்லா நூலும் சுருங்கும், எல்லாமே சுருங்கும். ஆனாலும் அது நமக்குப் பழக்கமான சாதாரண வெளி கிடையாது. இன்றைக்கு ஒயிட்ஹெட்டின் நிரூபணத்தை யாரும் படிப்பதில்லை. அதைக் கவிழ்த்த அந்த வெளியை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் இன்னொருவர். கிரேக்கர். பெயர் கிறிஸ்டோஸ் பாப்பாகிரியாகோபூலோஸ். எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் கதைக்குப் போவதற்கு முன்னால் மாக்ஸ் டேன் என்ற ஜெர்மானியரைச் சொல்ல வேண்டும். டேன் 1910இல் ஒரு துணைத்தேற்றம் வெளியிட்டார். முப்பரிமாண டோபாலஜியில் எங்கே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 1929இல் அதன் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஹெல்முட் க்னேசர் கண்டுபிடித்தார். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு கல் இல்லை என்று தெரிந்த மாதிரி. ஏதென்ஸில் தனியாக உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிய பாப்பா, நிரூபித்துவிட்டேன் என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ரால்ஃப் ஃபாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நிரூபணமும் தவறுதான். ஆனால் ஃபாக்ஸ் அவரை 1948இல் பிரின்ஸ்டனுக்கு வரவழைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் பணக்கவலை இல்லாமல் அவர் வேலை செய்ய ஏற்பாடும் செய்தார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் ப்ளஸ் டூ விடைத்தாள் திருத்தும் மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண் கணக்கில் கடைசி விடை தவறானாலும் சரியான வரிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஸ்டெப் மார்க் என்போம். விடைக்குறிப்பில் இல்லாத வழியில் ஒரு பிள்ளை போயிருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரிகளோடு கூடவே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எங்கே தடுக்கியது, அதுவரை எவ்வளவு தூரம் சரியாக வந்திருக்கிறது என்று. நேரம் எடுக்கும் வேலை. நான் எம்.எஸ்சி. படித்தபோது ஒரு தேற்றத்துக்கு என் வழியில் எழுதிய நிரூபணத்தை ஓர் ஆசிரியரிடம் கொடுத்தேன். மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. ஒரு சொல் இல்லை. எந்த வரியில் தடுக்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆராய்ச்சி என்ற நினைப்பை அந்த வாரத்தோடு விட்டுவிட்டேன். ஃபாக்ஸ் அந்தத் தவறான கடிதத்தை எப்படிப் படித்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1957இல் பாப்பாவின் நிரூபணம் அச்சில் வந்தது. இந்த முறை சரியான நிரூபணம். டேன் வெளியிட்டு 47 வருடம் கழித்து அந்தக் கல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கூடவே வேறு இரண்டு பெரிய தேற்றங்களும் தந்தார். மிச்ச வாழ்நாளைப் புவான்காரே ஊகத்துக்கே கொடுத்தார். அது கிடைக்கவில்லை. 1976இல் பிரின்ஸ்டனில் புற்றுநோயில் இறந்தார்.

தவறியவர்கள் இன்னும் பலர். ஜான் ஸ்டாலிங்ஸ் தான் தவறிய விதத்தை மறைக்காமல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். புவான்காரே ஊகத்தை எப்படி நிரூபிக்கக் கூடாது என்பதே அதன் தலைப்பு. அடுத்து வருகிறவர் அதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும் என்று எழுதியது. 1986இல் கொலின் ரூர்க், எடுவார்டோ ரேகோ என்ற இருவரின் நிரூபணம் செய்தித்தாள் வரை வந்து, அப்புறம் பிழை தெரிந்தது. 2002 ஏப்ரலில் மார்ட்டின் டன்வுடி ஒரு நிரூபணம் வெளியிட்டார். அதிலும் இடைவெளி இருந்தது.

இதற்கிடையே விசித்திரமான ஒன்று நடந்திருந்தது. கடினமாக இருக்கும் என்று நினைத்த உயர் பரிமாணங்கள் முதலில் விழுந்தன. 5 பரிமாணமும் அதற்கு மேலும் என்றால் ஊகம் சரி என்று ஸ்டீவன் ஸ்மேல் 1960 வாக்கில் காட்டினார். 4 பரிமாணத்துக்கு மைக்கேல் ஃப்ரீட்மன், 1982இல். அதிகப் பரிமாணம் என்றால் நகர இடம் அதிகம். ஒற்றைச் சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு மாட்டு வண்டிகள் ஒதுங்க முடியாமல் நிற்கும். மைதானம் என்றால் விலகிப் போய்விடும். மூன்று பரிமாணம் அந்தச் சந்து. நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு விலக இடமில்லாமல் நிற்கின்றன. வில்லியம் தர்ஸ்டன், முப்பரிமாண வெளிகளை எல்லாம் எட்டே வகை வடிவியலால் ஆன துண்டுகளாகப் பிரிக்கலாம் என்று ஒரு பெரிய ஊகத்தை வைத்தார். புவான்காரே ஊகம் அதன் ஒரு மூலை.

வழியைத் திறந்தவர் ரிச்சர்ட் ஹாமில்டன், அதே 1982இல். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் பாட்டியின் கைதான் உதவியது. ராகிக் களியைக் கிண்டி இறக்கி, தட்டில் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும் அந்த மாவை வைத்துத் தட்டைச் சுழற்றிச் சுழற்றி உருட்டுவாள். மேடு அமுங்கும், பள்ளம் நிரம்பும், கோணலாக விழுந்தது கண் முன்னாலேயே உருண்டையாகும். ஹாமில்டன் ஒரு சமன்பாட்டுக்கு அந்த வேலையைக் கொடுத்தார். ரிச்சி பாய்வு என்று பெயர். வெளியின் வளைவு, இரும்பில் சூடு பரவுகிற மாதிரி, தானாகப் பரவிச் சமப்படும். எல்லா நூலும் சுருங்கும் ஒரு வெளியை இந்தப் பாய்வில் விட்டு அது கடைசியில் உருண்டையாவதைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் களியிலும் ஒரு சிக்கல் உண்டு. மாவு இரண்டு பெரிய கட்டியாகவும் நடுவில் மெல்லிய கழுத்தாகவும் விழுந்துவிட்டால், உருட்ட உருட்டக் கழுத்து மெலிந்து அறுந்துவிடும். பாய்விலும் இதே கதி. கழுத்தில் வளைவு எல்லையில்லாமல் ஏறும், சமன்பாடு அங்கே நின்றுபோகும். பாட்டி என்ன செய்வாள்? கழுத்தைத் தானே கிள்ளி, இரண்டு முனையையும் விரலால் மழுக்கி, இரண்டையும் தனித்தனியாக உருட்டுவாள். ஹாமில்டனும் அதையே எண்ணினார். அறுவைச் சிகிச்சை என்றே அதற்குப் பெயர். ஆனால் கழுத்தைத் தவிர வேறு விபரீத வடிவங்கள் வந்தால் எங்கே கிள்ளுவது? சுருட்டு என்று அவர்கள் பெயர் வைத்த ஒரு வடிவம் பல வருடம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. வரும் என்றும் காட்ட முடியவில்லை, வராது என்றும் காட்ட முடியவில்லை.

2002ஆம் ஆண்டு நவம்பர் 11. ஒயிட்ஹெட் பிறந்த தேதி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த கிரிகோரி பெரெல்மான் இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகள் இடும் ஆர்க்கைவ் களஞ்சியத்தில் 39 பக்கக் கட்டுரை ஒன்றைப் போட்டார். தலைப்பில் புவான்காரே பெயரே இல்லை. ரிச்சி பாய்வுக்கு ஒரு என்ட்ரோபி, அதாவது நேரம் போகப் போக ஒரே திசையில் மட்டும் நகரும் ஓர் அளவு, கண்டுபிடித்திருந்தார். அந்த அளவு ஒரே திசையில் போவதால், கழுத்து மெலியும் இடத்தில் வெளி தாறுமாறாக ஒடுங்கிப்போக முடியாது. சுருட்டு வரவே வராது. அடுத்த மார்ச்சில் 22 பக்கம், ஜூலையில் 7 பக்கம். கிள்ளல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து நேரத்தை நிறுத்திவிடாது என்று இரண்டாவதில் காட்டினார். நூலெல்லாம் சுருங்கும் வெளி என்றால் கிள்ளிய துண்டுகள் எல்லாம் குறிப்பிட்ட காலத்துக்குள் சுருங்கி மறைந்தே போகும் என்று மூன்றாவதில். அங்கிருந்து பின்னோக்கி வந்தால், ஆரம்பத்தில் இருந்தது உருண்டை.

அப்போது நான் சேலத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இந்தப் பேச்சு வந்தது. ஊருக்கு வந்த ஒரு சனிக்கிழமை, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த 39 பக்கத்தையும் பிரின்ட் எடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அந்த மாதத்து பஸ் காசு பாதி போனது. முதல் பக்கத்திலேயே நின்றுபோனேன். இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எடுப்பேன். என் பென்சில் குறிகள் நான்காம் பக்கத்தில் முடிகின்றன.

அந்த மூன்று கட்டுரையும் சேர்த்து 68 பக்கம். அவற்றைச் சரிபார்க்க உலகத்துக்கு மூன்று வருடத்துக்கும் மேல் ஆனது. புரூஸ் கிளைனரும் ஜான் லாட்டும் வரி வரியாகக் குறிப்பெழுதினார்கள். ஜான் மார்கனும் காங் தியனும் எழுதிய விளக்க நூல் மட்டுமே 500 பக்கத்தைத் தாண்டும். இந்தத் தேற்றத்தின் தலையில் இவர்கள் பெயர் இருக்காது. இன்னொருவர் எழுதியதன் ஒவ்வொரு வரியோடும் நடந்து போய், எல்லா வரியும் நிற்கிறது என்று சொல்ல வருடக்கணக்கைக் கொடுத்தவர்கள். விடைத்தாள் திருத்துபவளாகச் சொல்கிறேன், இந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் செய்தியில் வந்ததுதான். 2006இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும், 2010இல் இந்த ஊகத்தை நிரூபித்ததற்காகக் கிளே நிறுவனம் கொடுத்த பத்து லட்சம் டாலரையும் பெரெல்மான் வாங்க மறுத்தார். பணத்தை வேண்டாம் என்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் சொன்ன காரணம். ஹாமில்டனின் பங்கு தன்னுடையதற்குக் குறைந்ததில்லை, பரிசு தனக்கு மட்டும் என்பது நியாயமில்லை என்றார்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு வேறு வகுப்பு. கேட்டு மாற்றிக்கொண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமை எழுதிய வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி, “இது தப்பு. போன வாரம் ஒரு மாம்பழம் இதைத் தப்புன்னு காட்டிடுச்சு, நான்தான் கவனிக்கல” என்றேன். “வெளி” என்ற சொல்லுக்கு முன்னால் மஞ்சள் சாக்பீஸால் “விளிம்பில்லாத, அளவில் அடங்கிய” என்று சேர்த்தேன். கொட்டை எடுத்த சதைக்கு இரண்டு விளிம்பு இருக்கிறது: வெளியே தோல் பக்கம் ஒன்று, உள்ளே குழிப் பக்கம் ஒன்று. வண்டு அங்கே போய் முட்டும். அதனால் அது இந்தக் கேள்விக்குள் வராது. ஆனால் முதலில் எழுதிய வாக்கியத்தை அது உடைத்தது உண்மை.

அவன் எழுந்தான். “அப்போ அந்த விளிம்பை மூடிட்டா?”

“எப்படி மூடுவ?”

“குழியைச் சதையால ரொப்பிடலாம். வெளித்தோலுக்கு நீங்க சொன்ன மாதிரி இன்னொரு பழத்தை ஒட்டிடலாம். அப்போ உருண்டைதான்.”

“வேற வழி?”

ரொம்ப நேரம் நின்றான். வகுப்பு அமைதியாக இருந்தது. “தோலையும் குழியையுமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டா? வண்டு தோல் வழியா வெளிய போனா குழி வழியா உள்ள வரும்.”

நான் படம் போட்டேன். குழியிலிருந்து நேராகத் தோல் வரை ஒரு நூல். ஒட்டியபின் அதன் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும். வளையம். அதை எப்படி இழுத்தாலும் சுருக்க முடியாது.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: “எப்படி ஒட்டினாலும், ஒண்ணு உருண்டையாயிடுது, இல்லன்னா நூல் மாட்டிக்குது. இது ரெண்டும் இல்லாம ஒட்டவே முடியாதா டீச்சர்?”

மஞ்சள் சாக்பீஸை அவனிடம் நீட்டினேன். “கேள்வியைப் பலகையில எழுது” என்று சொல்லிவிட்டு, அவன் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.